புருவத்தில் பிளாஸ்திரி

"அப்பா, என்னத்த அமுக்கித் தொலைச்சீங்க?"

பெரியவள் போட்ட சத்தத்தில், லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா ஸ்பேனரை ஷூவுக்குள் போட்டு, ஷூவைப் பைக்குள் போட்டார்.

"எதம்மா?"

"இத. இங்க வந்து பாருங்க. புள்ளியியல்னு இருக்கணும். சைகை மொழின்னு இருக்கு."

அப்பா நின்ற இடத்திலிருந்தே கழுத்தை மட்டும் நீட்டித் திரையைப் பார்த்தார். கிட்டே போனால் குற்றம் உறுதியாகிவிடும் என்ற பயம்.

"போன்ல ஒண்ணு வந்துச்சும்மா. 'உறுதி செய்க'ன்னு பச்சையா இருந்துச்சு. நான் அப்ப லிஃப்ட்டுக்கு அடியில படுத்துக்கிடந்தேன். சரின்னு கட்டைவிரல வச்சேன்."

"படிச்சுப் பாத்தீங்களா?"

"கையெல்லாம் கிரீஸு. கட்டைவிரல் ஒண்ணுதான் சுத்தமா இருந்துச்சு."

"சுத்தமான விரல வச்சு அவ படிப்புல கறைய வச்சுட்டீங்க."

படிப்புக்குச் சொந்தக்காரியான சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டிருந்தாள். "பரவால்லக்கா," என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா இரு."

சின்னவள் சும்மா இருந்தாள். அதில் அவளுக்கு நல்ல பயிற்சி உண்டு.

விஷயம் இதுதான். சின்னவள் படித்த பள்ளியில் ஆசிரியர்களைவிட ஆசிரியர் நாற்காலிகள் அதிகம். ஆள் இல்லாத பாடங்களைப் பிள்ளைகள் எங்கே போய்ப் படிப்பார்கள்? அதற்காக அரசு ஓர் இணையப் பள்ளி நடத்தியது. பள்ளி விட்டு வந்து, வீட்டிலேயே கணினி முன்னால் உட்கார்ந்து, கூடுதலாக ஒரு பாடம் படிக்கலாம். ஆசிரியரைப் போட வக்கில்லாதவர்கள் விதி மட்டும் கறாராகப் போட்டிருந்தார்கள்: அந்தக் கூடுதல் பாடத்தில் தேறினால்தான் இறுதி வகுப்பு. இல்லையென்றால் ஒரு வருடம் அதே பெஞ்சு.

புள்ளியியல் என்று முடிவு செய்தது பெரியவள். பதிவு செய்ததும் பெரியவள். கல்லூரியில் புள்ளியியல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இணையத்தில் வரும் ஆசிரியர் தூங்கி வழிந்தாலும் அவளே சொல்லிக்கொடுத்துக் கரை சேர்த்துவிடுவாள். அப்பா உறுதி செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. ஊசி குத்துவதற்கு முன்பே அவள் பேச்சு குத்திவிடும் என்று அங்கே பெயர். ஆனால் அந்தப் பேச்சு சும்மா வந்ததில்லை. அவள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது, எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவன் அப்பாவின் கிரீஸ் கையைப் பார்த்ததும் "என்னய்யா வேணும், தள்ளி நில்லு" என்பான். அம்மா கேட்டால் காதே கேட்காது. இரட்டைச் சடை போட்டுக்கொண்டு இவள் முன்னால் போய்ப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நாலு வார்த்தை கேட்டால், "சொல்லும்மா" என்று நிமிர்ந்து உட்காருவான். அன்றைக்குச் சுருங்கிய புருவம்தான். அப்புறம் விரியவே இல்லை. குடும்பத்துக்காக வாயைத் திறந்தவளுக்கு அதை எங்கே மூடுவது என்று தெரியாமல் போய்விட்டது.

கடைக்காரர் சின்னவளைப் பார்த்து, "பாப்பாவுக்கு என்ன கலர் வேணும்?" என்பார். "நீலம்" என்பாள் பெரியவள். டாக்டர் சின்னவளிடம், "எங்க வலிக்குது?" என்பார். "வயித்துல, இடது பக்கம்" என்பாள் பெரியவள். அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். அதுதான் கொடுமை.

பெரியவள் உதவி மையத்துக்குப் போன் போட்டாள்.

"வணக்கம், அரசு இணையப் பள்ளி உதவி மையம்," என்றது ஓர் இளைஞனின் குரல்.

"வணக்கம் இருக்கட்டும். என் தங்கச்சிக்குப் பாடம் மாறி வந்திருக்கு. உடனே மாத்துங்க."

சின்னவளின் பதிவு எண்ணைக் கேட்டுத் தட்டிப் பார்த்த குரல், லேசாக இருமியது. "மாத்துறதுக்கான தேதி முடிஞ்சிடுச்சு மேடம். மாணவிகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா?"

"அவ பேச மாட்டா. அவளுக்கும் சேத்து நான்தான் பேசுவேன்."

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்? கையாட்டுறதெல்லாம் ஒரு பாடமா? என் தங்கச்சி அத ஒரே வாரத்துல ஊதித் தள்ளிடுவா. அவ நேரத்த ஏன் வீணாக்குறீங்க?"

"சீக்கிரம் முடிச்சிடுவாங்கன்னா விரைவு வகுப்புல போட்டுடறேன் மேடம். அத மட்டும் இப்பவும் மாத்தலாம்."

"போடுங்க."

விரைவு வகுப்பு என்றால் ஒரே மூச்சில் இரண்டு பங்கு பாடம், இரண்டு பங்கு வீட்டுப்பாடம் என்பது அன்று மாலை திரையில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. பெரியவள் அப்பாவைப் பார்த்தாள்.

"நான் எதையும் அமுக்கலம்மா," என்று இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார் அப்பா.

வகுப்பெடுத்த டீச்சருக்குக் காது கேட்காது. கறுப்புச் சட்டை, வெள்ளைத் தலைமுடி, குறும்பான கண்கள். கைகளால் பேசுவார், சொல்ல வேண்டியதைத் திரையின் கீழே எழுத்திலும் தட்டிவிடுவார். முதல் வகுப்பிலேயே எழுதினார்: 'இந்த மொழியில் கை பாதி. முகம் மீதி.'

முதல் வீட்டுப்பாடம்: வீட்டில் ஒருவரோடு சைகையில் உரையாடி, அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஒருவர் என்றால் யார்? கேட்கவே வேண்டாம். பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ பயப்படாத. நான் பாத்துக்குறேன்."

"அக்கா, வீட்டுப்பாடம் எனக்கு..."

"தெரியும். உனக்காகத்தானே படிக்கிறேன்?"

படித்தாள். பேருந்தில் போகும்போது படித்தாள். ரத்தம் எடுக்க வந்தவரிடம் "கைய மடக்குங்க" என்று சொல்வதற்குப் பதிலாகச் சைகையில் காட்டினாள். அவர் பயந்து எழுந்து போய்விட்டார். வீட்டில் சட்டம் போட்டாள்: "சாப்பிடுறப்ப யாரும் வாயத் தொறக்கக் கூடாது. எல்லாம் கையிலதான்."

துணித் தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வந்த அம்மா, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உறைந்து நின்றாள். பெரியவள் வீட்டில் இருக்கிறாள், சத்தம் இல்லை. உள்ளே மூன்று பேர் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து வாய் பேசாமல் கையை வீசிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஐயோ, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அப்பா மட்டும் கையால் ஏதோ சொன்னார். அவருக்குத் தெரிந்தது லிஃப்ட் சைகைகள்தான். 'மேலே இழு, நிறுத்து, கயிறு அறுந்துவிட்டது' என்பதை வைத்தே 'உட்கார், சாப்பிடு, மேடம் கோபமாக இருக்கிறாள்' என்று சொல்லிவிட்டார்.

படம் பிடித்து அனுப்பினார்கள். டீச்சரின் பதில் வந்தது: 'மாணவி நன்றாகச் செய்கிறார். அக்கா ஏன் அவரை விசாரணை செய்கிறார்?'

பெரியவளுக்குப் புரியவில்லை. 'உன் பெயர் அழகாக இருக்கிறது' என்றுதானே சொன்னேன்? சின்னவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா... புருவத்தச் சுருக்கினா அது கேள்வி ஆயிடும். ஏன், எதுக்கு, யாருன்னு."

"நான் எங்கடி சுருக்கினேன்?"

சின்னவள் பீரோக் கண்ணாடியைக் காட்டினாள்.

பெரியவள் போய்ப் பார்த்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து யாரோ ஒருத்தி அவளைப் பார்த்து, 'யார் நீ? எதுக்கு வந்த?' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாராட்டு, நன்றி, சாப்பிட்டாயா என்ற அன்பு எல்லாமே அந்தப் புருவத்தில் பட்டுக் குறுக்கு விசாரணை ஆகிக்கொண்டிருந்தது. ஜோடியாகப் பேசிய அக்காவால் தங்கைக்கு மதிப்பெண் குறைந்தது. பெரியவள் விடுவாளா? புருவத்துக்குப் பயிற்சி கொடுத்தாள். விரல்களால் இழுத்துப் பார்த்தாள். எண்ணெய் தடவிப் பார்த்தாள். கடைசியில், ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியை இரண்டு புருவத்துக்கும் நடுவே இழுத்து ஒட்டிக்கொண்டாள். நன்றாக ஒட்டிப் பழகட்டும் என்று வேலைக்கும் அப்படியே போனாள்.

வரிசையில் நின்ற பெரியவர் நெற்றியைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். "ஏம்மா, இங்க ரத்தத்த நெத்தியிலயா எடுக்குறீங்க?" என்றார். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வீட்டுப்பாடத்தைப் பிளாஸ்திரியோடு படம் பிடித்து அனுப்பினார்கள். டீச்சர் அதை வகுப்பில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். 'அக்காவுக்குத் தலையில் அடிபட்டும் தங்கைக்காக வந்திருக்கிறார்' என்று எழுதினார். எங்கெங்கோ இருந்த பிள்ளைகள், சீக்கிரம் குணமாகட்டும் என்று சைகையில் சொன்னார்கள். பெரியவள், 'எனக்கு அடி ஒன்றும் படவில்லை' என்று சொல்லப் போக, வேகத்தில் பிளாஸ்திரி ஒரு பக்கம் பிய்ந்து ஒற்றைப் புருவம் மட்டும் துள்ளியது. அது என்ன பொருள் தந்ததோ, ஒரு சிறுமி அழுதேவிட்டாள்.

சின்னவள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பெரியவளும் பார்க்கவில்லை, பிளாஸ்திரியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உரையாடல் தேர்வு வந்தது. டீச்சர் திரையில் கேட்பார். மாணவி தனியாகப் பதில் சொல்ல வேண்டும். அதில் தேறாவிட்டால் முன்னால் வாங்கிய மதிப்பெண் எல்லாம் குப்பை.

"தனியாவா?" என்றார் அப்பா. "நம்ம சின்னதா?"

"அவ வாயடைச்சு நின்னுடுவா," என்றாள் பெரியவள்.

"கைதானேம்மா?"

"கையடைச்சு நின்னுடுவா. நான் இருக்கேன்ல?"

சின்னவள் கணினி முன்னால் உட்கார்ந்தாள். பெரியவள் கணினிக்குப் பின்னால், கேமரா கண்ணில் படாமல் நின்றுகொண்டாள். டீச்சரின் முதல் கேள்வி வந்தது. காலையில் எழுந்து என்ன செய்வாய்? சின்னவள் ஒரு நொடி யோசித்தாள். அந்த ஒரு நொடியைப் பெரியவளால் தாங்க முடியவில்லை. கை தானாக எழுந்தது. பல் தேய்த்தாள், குளித்தாள், தலை பின்னினாள், பேருந்தைத் துரத்தினாள். சின்னவள் பிறகு மெதுவாகத் தன் பதிலைச் சொன்னாள். இரண்டாவது கேள்விக்கும் அப்படியே. மூன்றாவதுக்கும்.

டீச்சர் கையை இறக்கினார். கீழே எழுத்து ஓடியது.

'பதில்கள் சரி. ஆனால் பீரோவுக்குள் இருப்பவருக்கு மதிப்பெண் தர வழியில்லை.'

பெரியவள் நிமிர்ந்தாள். சின்னவளின் முதுகுக்குப் பின்னால் பீரோ. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடி முழுக்க அவள்.

ஓடிப்போய்க் கேமராவுக்கு முன்னால் நின்று மன்னிப்புக் கேட்டாள். பதற்றத்தில் புருவம் பழைய இடத்துக்கே போய்விட்டது. 'மன்னிப்பா? யாருக்கு? எதுக்கு?' என்று டீச்சருக்குப் போய்ச் சேர்ந்தது.

தேர்வு செல்லாது என்றார் டீச்சர். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, நாளைக்கு. அக்கா அறையில் இருக்கக் கூடாது. பீரோவிலும்.

திரை அணைந்தது. பெரியவள் படபடவென்று ஆரம்பித்தாள். "விடுடி, நாளைக்கு நான் அந்தப் பக்கம், சமையலறைக் கதவுகிட்ட..."

சின்னவள் எழுந்தாள். கையை உயர்த்திச் சைகையில் சொன்னாள்: 'நாளைக்கு நீ வெளியே போ.'

அவள் புருவம் நேராக இருந்தது. அது கேள்வி இல்லை.

மறுநாள் மாலை பெரியவள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அப்பா. வேலை விட்டு வந்தவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"என்னாலதான்ப்பா," என்றாள் பெரியவள். "விரைவு வகுப்புல போட்டது நான். கண்ணாடியில மாட்டினது நான். வருஷம் போச்சுன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு வைப்பேன்?"

"மொதல்ல தப்பா அமுக்கினது நான்தானே. எனக்கும் கொஞ்சம் பங்கு குடும்மா."

படியிலிருந்து பார்த்தால் வீட்டு ஜன்னல் தெரியும். ஜன்னலுக்குள் சின்னவளின் முகமும் கைகளும் தெரிந்தன. டீச்சர் தெரியவில்லை. கேள்வியும் தெரியவில்லை. சின்னவள் ஒரு நொடி யோசித்தாள். பெரியவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

அந்த நொடி போயிற்று. சின்னவளின் கைகள் எழுந்தன.

"என்ன சொல்றாம்மா?" என்றார் அப்பா.

"இருங்க... வீட்ல இருக்கிற யாரப் பத்தியாவது சொல்லச் சொல்லிருக்காங்க போல."

"அவ சொல்றத அப்படியே சொல்லு. உன்னோடத சேக்காத."

பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். தங்கையின் கைகளைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எங்க அக்கா ரத்தம் எடுக்குறா. ரொம்பப் பேர் பயப்படுவாங்க. எனக்குப் பயமில்ல... எங்கப்பாவ யாராச்சும் மரியாதையில்லாம பேசினா, அக்கா அங்கயே சண்டை போடுவா. தூக்கத்துலகூட சண்டை போடுவா. யாரோடன்னு எழுப்பிக் கேட்டா, கவுன்ட்டர்காரன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துக்குவா."

அப்பா தலையைக் குனிந்து பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"தினமும் வீட்டுக்கு வர்றப்ப அவ தொண்டை கட்டியிருக்கும். கையால பேசினா தொண்டை வலிக்காது. அதனால எனக்கு இந்தப் பாடம் பிடிச்சிருக்கு. அப்புறம்... அப்புறம் இன்னொண்ணு. இதுல எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியப் பாக்காம ஒண்ணும் புரியாது. அதனால..."

பெரியவள் நிறுத்திவிட்டாள். ஜன்னலில் கைகள் அசைந்துகொண்டே இருந்தன. சின்னவள் வேகமாக, சிரித்துச் சிரித்து, நிறைய பேசினாள். இத்தனை நாள் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தாள்?

"அதனால?" என்றார் அப்பா.

"அதனால இப்பதான் அக்கா என்னையப் பாக்குறாளாம்."

 பெரியவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பிளாஸ்திரி இல்லாமலே உன் புருவம் நேரா இருக்கும்மா," என்றார் அப்பா.

சின்னவள் தேறினாள். சும்மா தேறவில்லை, விரைவு வகுப்பிலேயே முதலிடம். டீச்சர் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'பீரோவுக்கும் என் அன்பு.' அப்பா அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொல்லி, திரும்பவும் படிக்கச் சொன்னார். சின்னவள் யாருடனோ போனில் பேசப் போவதாகச் சொல்லி மொட்டைமாடிக்கு ஏறினாள். பேசப் போகிறாள்! போகட்டும் என்று விட்டுவிட்டாள் பெரியவள். இனி பெரியவள் புது ஆள்.

புது ஆள் உதவி மையத்துக்குப் போன் போட்டாள். வேறு யாரோ பேசிக்கொண்டிருந்ததால் இணைப்பு கொஞ்ச நேரம் கழித்துத்தான் கிடைத்தது.

"தம்பி, உங்கள அன்னிக்கு ரொம்பத் திட்டிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. எங்கப்பா தப்பா அமுக்கினதும் நல்லதுக்குத்தான் ஆச்சு."

"பரவால்ல மேடம். தங்கச்சிக்கு வாழ்த்துச் சொல்லுங்க."

"சொல்றேன். அப்புறம், அடுத்த பருவத்துக்கும் பதிவு பண்ணிடுங்க. சைகை மொழி, ரெண்டாம் நிலை. அவளுக்குக் கவலையே இல்ல. அந்தப் பாடத்தையும் நான் பாதி படிச்சு முடிச்சுட்டேன், பக்கத்துல உக்காந்து நானே சொல்லிக் குடுத்துடுவேன்."

மறுமுனையில் அந்தப் பழைய இருமல் கேட்டது.

"மேடம், ரிசல்ட் வந்தப்புறம் சொல்லலாம்னு உங்க தங்கச்சிகிட்ட அனுமதி வாங்கி வச்சிருக்கேன், அதனால சொல்றேன். உங்கப்பா எதையும் தப்பா அமுக்கல. நீங்க புள்ளியியல்னு பதிவு பண்ணின அன்னிக்கே உங்க தங்கச்சி கூப்பிட்டு, 'எங்க அக்காவுக்குத் தெரியாத பாடம் ஏதாவது இருக்கா?'ன்னு கேட்டு மாத்திக்கிட்டாங்க. இப்ப நீங்க கூப்பிடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் மறுபடியும் கூப்பிட்டாங்க, அதே கேள்விதான்."